குழந்தைக்கு என்ன வேணும்

வானத்தில் ஒரு மேகத் துணுக்குகூட இல்லாத மாசி மாத மதியம் ஒன்றில், எங்கள் நான்காம் நிலையத்தில் ஒன்பது மில்லிமீட்டர் மழை பெய்தது. கொல்லிமலையில் வேறெங்கும் ஒரு சொட்டு இல்லை. மலை முழுக்க நான் பார்த்துக்கொள்ளும் பதினொரு தானியங்கி வானிலை நிலையங்களில் பத்து, பூஜ்யம் என்று அனுப்பிக்கொண்டிருந்தன. இது ஒன்று மட்டும் அரை நிமிடத்தில் நனைந்து, அதைக் கோயம்புத்தூர் மண்டல அலுவலகத்துக்கும் சொல்லிவிட்டது. அங்கிருந்து மேலாளர் அழைத்தார்.

"என்னம்மா, அங்க மழையா?"

மழைமானி என்பது வாய் அகன்ற ஒரு புனல்தான். அதற்குள் விழும் நீரை ஒரு சின்ன இரட்டைக் கிண்ணம் வாங்கிக்கொள்ளும். ஒரு பக்கம் நிறைந்தால் சாய்ந்து கொட்டும், அடுத்த பக்கம் வாங்கும். ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு டிக். நான் ஏணியில் ஏறிக் காற்றுமானியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, கீழே என் ஒன்றரை வயது மகள் தன் தண்ணீர் பாட்டிலை அந்தப் புனலில் கவிழ்த்துவிட்டு, டிக் டிக் என்ற சத்தத்தைக் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டில் பால்வாடியில் கொடுத்தது, கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே கொள்ளும். மனக்கணக்காகப் பார்த்தேன். ஒன்பது மில்லிமீட்டர் சரியாகத்தான் வந்தது. கருவி பிசகவில்லை.

"ஆமாங்க சார். லோக்கலா கொஞ்சம்" என்றேன். அவ்வளவு லோக்கலான மழை அந்த மலையில் அதற்கு முன் பெய்ததில்லை.

மாலையில் மனசு உறுத்தி, அந்தப் பதிவை 'பராமரிப்பின்போது விழுந்த நீர்' என்று திருத்தி அனுப்பினேன். எதைப் பராமரிக்கும்போது என்று அந்தக் கட்டம் கேட்கவில்லை.

மகளை வேலைக்குக் கூட்டிப் போனது அன்று ஒரு நாள்தான். வழக்கமாக அவளைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்கா, மிளகு மூட்டையோடு பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்கிவிட்டதால் வந்த வினை. ஆனால் அந்த ஒரு நாளில் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. அக்கா இல்லாவிட்டால் எனக்கு இந்த வேலை இல்லை.

நான் எதையும் பட்டியல் போட்டுத்தான் யோசிப்பேன். அன்றும் போட்டேன். கணவர் நாமக்கல்லில் ஒரு மருத்துவமனை லேபில் வேலை. முதல் பஸ்ஸில் மலையிறங்கி, எழுபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி இருட்டியபின் வருகிறவர். என் அம்மாவுக்கு இன்னும் நூல் மில்லில் ஷிஃப்ட் இருக்கிறது. மாமியார் எங்கள் வீட்டுக்கு ஒரு முறைதான் வந்தார். பதினெட்டாவது வளைவில் பஸ்ஸை நிறுத்தச் சொன்னவர், இனி நீங்கள்தான் கீழே வரவேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார். பால்வாடியில் இரண்டு வயதுக்கு மேல்தான் சேர்ப்பார்கள். பாட்டில் மட்டும் முன்கூட்டியே கொடுத்திருந்தார்கள். பட்டியலில் மீதமிருந்த ஒரே வரி, அக்கா.

அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். மலையில் எங்கள் பகுதியான திருப்புலி நாட்டிலேயே பிறந்து, திருப்புலி நாட்டிலேயே வாழ்க்கைப்பட்டவர். கொஞ்சம் மரவள்ளி, கொஞ்சம் சாமை, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு. வேலைக்கு ஒன்பது மணிக்குக் கிளம்பும் நான் குழந்தையை அவர் இடுப்பில் வைத்துவிட்டுப் போவேன். மாதச் சம்பளம். அதை வாங்குவதில் அவருக்குக் கூச்சம் கிடையாது. ஆரம்பத்தில் நான்தான் தயங்கி, "ஏனுங்கக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க, மாசம் இவ்வளவுன்னு வெச்சுக்கலாமா" என்று இழுத்தேன்.

"இதுல தப்பா நெனைக்க என்ன கண்ணு இருக்குது. நீ சும்மா பாக்கச் சொல்லியிருந்தாத்தான் தப்பா நெனச்சிருப்பேன்."

"இல்லீங்க, நம்மளுக்குள்ள காசு பேசறது..."

"வேத்து ஆளுன்னா கொறைச்சுக் கேக்கலாம். நம்மாளுங்ககிட்டத்தான் கூடுதலாக் கேக்கோணும். அவிங்கதான் பேசுன வேலைக்கு மேல நூறு வேலை சொல்லுவாங்க" என்றார். அன்று முதல் நான் அவருக்கு ஒரு வேலையும் கூடுதலாகச் சொன்னதில்லை. பயம்தான்.

நான் அவரை அக்கா என்பதால், மகளுக்கு அவர் பெரியம்மா. மகள் வாயில் அது 'பெம்மா'.

சந்தையிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம், மிளகு விற்ற நல்ல மனநிலையில் அக்கா ஒரு செய்தியையும் கொண்டு வந்தார். மேலே அருவிப் பாதையில் புதிதாகச் சுற்றுலா விடுதி கட்டியிருக்கும் ஆள் அவரைச் சமையலுக்குக் கூப்பிட்டிருக்கிறார். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து. சம்பளம் நான் தருவதைப் போல் ஒன்றரை மடங்கு.

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலை கண்ணு" என்றார். "புள்ளைய விட்டுப்போட்டுப் போக எனக்கு மனசில்லை. ஆனா என்ற மகளுக்கு வைகாசியில காலேஜு. மனசை வெச்சு ஃபீஸ் கட்ட முடியாது பாரு. நீ ஆனதைப் பாரு. முடியலைன்னாலும் சொல்லு, கோவிச்சுக்க மாட்டேன்."

அவ்வளவு நேராக ஒருவர் பேசினால் பதிலுக்கு வாதாட எதுவும் இருக்காது. என் சம்பளத்தில் அந்தத் தொகை வராது. மாத முடிவுக்கு இருபத்து மூன்று நாள் இருந்தது. அதற்குள் வழி கிடைக்கவில்லை என்றால் அக்கா விடுதிக்கு, நான் வீட்டுக்கு.

அந்த வாரம் அலுவலக மின்னஞ்சல் பெட்டியை ஒழுங்காகப் படித்தேன், இதற்கு முன் செய்யாத காரியம். மூன்று மாதம் முன்பே வந்த ஒரு சுற்றறிக்கை அதில் கிடந்தது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள ஊழியர்களுக்கு, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செலவில் ஒரு பங்கை நிறுவனம் தரும். காப்பகமாக இருக்கவேண்டியதில்லை, வீட்டில் பார்த்துக்கொள்கிறவர் என்றாலும் சரி. கணக்குப் போட்டுப் பார்த்தேன். விடுதிக்காரர் சொன்ன சம்பளத்தை என்னால் எட்டிப் பிடிக்க முடியும்.

விண்ணப்பத்தில் எட்டுப் பகுதிகள். அவற்றில் ஏழு பகுதிகளை ஒரே மூச்சில் நிரப்பினேன். 'அன்றாடப் பராமரிப்பு விவரம்' என்ற ஏழாம் பகுதியை மட்டும், சென்னை ஹெச்.ஆர். பிரிவிலிருந்து ஒருவர், குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவரிடமே தொலைபேசியில் கேட்டுப் பதிவு செய்வார் என்று போட்டிருந்தது. அக்காவின் எண்ணைக் கொடுத்தேன். அவருடைய போன் பலாமரத்தடியில் மட்டும்தான் எடுக்கும் என்பதையும் குறிப்பில் எழுதினேன்.

நான்காம் நாள் வேலை முடிந்து வந்தபோது, அக்கா வாசலிலேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"மெட்ராஸ்ல இருந்து பேசிப்போட்டாங்க கண்ணு. நல்ல புள்ளை. தன்மையாப் பேசுச்சு."

"என்னங்கக்கா கேட்டாங்க?"

"ஊரு கேட்டாங்க, வயசு கேட்டாங்க. அப்பறம், நீங்க குழந்தைக்கு என்ன வேணும்னாங்க."

ஹெல்மெட் கொக்கியைக் கழற்றினேன். டிக். "நீங்க?"

"பெரியம்மா வேணும்னு சொன்னேன். அத்தோட போதும்னு வெச்சுட்டாங்க. நல்லாச் சொன்னேனா?"

மறுநாள் காலை மின்னஞ்சல் வந்தது. விதிகளின்படி குழந்தையின் உறவினர் பார்த்துக்கொண்டால் உதவி இல்லை. கீழே உறவினர் என்றால் யார் யார் என்று ஒரு பட்டியல்: தாத்தா, பாட்டி, பெரியப்பா, பெரியம்மா, சித்தப்பா, சித்தி, அத்தை, மாமா, அண்ணன், அக்கா. பட்டியல் எழுதுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், அது குறையில்லாத பட்டியல். ஒன்றுதான் சங்கடம். அதன்படி பார்த்தால் கொல்லிமலை முழுவதும் என் மகளுக்கு உறவினர்கள்.

இதைச் சோதித்தே பார்த்தேன். ஒரு தாளில், எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் எல்லோரையும் எழுதி, எதிரே மகள் அவர்களை என்ன சொல்லிக் கூப்பிடுகிறாள் என்று குறித்தேன். பால் ஊற்றுகிறவர் மாமா. மளிகைக்கடைக்காரர் பெரியப்பா. மினி பஸ் கண்டக்டர் சித்தப்பா. தபால்காரர் தாத்தா, அவருக்கு வயது முப்பத்தொன்று, அதில் அவருக்கு வருத்தமும் உண்டு. ரேஷன் கடைப் பெண் அத்தை. முறை சொல்லிக் கூப்பிடாத ஒரே ஆள் இருந்தார். எல்லோரும் 'ஓனர்' என்றே அழைக்கும் அந்த விடுதிக்காரர். நிறுவனத்தின் விதிப்படி என் குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தகுதியுள்ளவர் இந்த மலையில் அவர் ஒருவர்தான்.

சென்னைக்கு அழைத்தேன். அக்காவிடம் பேசிய அதே பெண்தான் எடுத்தார். என் வயதுதான் இருக்கும் போலக் குரல். நான் விளக்கினேன்: இது ரத்த உறவு இல்லை, கல்யாண உறவும் இல்லை, வாய் உறவு.

"எனக்குப் புரியுது மேடம்" என்றார். "ஆனா அவங்க வாயாலயே பெரியம்மான்னு சொல்லி ரெக்கார்ட் ஆயிடுச்சே. மாசக் கடைசிக்குள்ள ஒரு தடவை மறுபடி வெரிஃபை பண்ணலாம். அதான் கடைசி. அப்போ நீங்க பக்கத்துல இருந்து சொல்லிக் குடுக்கக் கூடாது. அவங்கதான் பேசணும்."

பக்கத்தில் இருந்துதானே கூடாது. முன்னாலேயே சொல்லிக் கொடுக்கலாம் அல்லவா. அன்று இரவு சாப்பிடுவதற்குள் அக்காவுக்கு விடைத்தாள் ஒன்று தயாரித்துவிட்டேன். பெரிய எழுத்தில், எண் போட்டு. ஒன்று, பெயர். இரண்டு, வயது. மூன்று, வேலை நேரம். நான்காவது வரிக்கு மட்டும் அடிக்கோடு: 'குழந்தைக்கு நீங்கள் என்ன வேண்டும் என்று கேட்டால், ஒன்றும் வேண்டாது, உறவு எதுவும் இல்லை என்று சொல்லவும்.'

மறுநாள் காலை அக்கா பலாமரத்தடியில் பாயில் மிளகு காய வைத்துக்கொண்டிருந்தார். மகள் பாயின் விளிம்பில் உட்கார்ந்து, ஒவ்வொரு மிளகாக எடுத்து அடுத்த பக்கம் வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது வேலை. அக்கா தாளை வாங்கி, நாலாம் வகுப்புப் படிப்பின் நிதானத்தோடு படித்தார். நான்காவது வரியில் விரல் நின்றது.

"இதை நான் சொல்லோணுமா?"

"ஆமாங்கக்கா. ஒரே ஒரு தடவை."

"ஒண்ணும் வேண்டாதுன்னு."

"ஒரு ஃபார்முக்காகத்தானுங்க."

அவர் தாளை மடித்து மிளகுப் பாயின் ஓரத்தில், காற்றில் பாய் சுருளாமல் இருக்க வைத்திருந்த கல்லுக்கு அடியில் வைத்தார்.

"எங்களுக்குள்ள பங்காளிச் சண்டை வந்து ஊருக் கூட்டத்துல பேசறப்பதான் கண்ணு இந்த வார்த்தை வரும். இனி உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்லைன்னு. சொன்னாச் சொன்னதுதான். அப்பறம் கல்யாணம் காட்சிக்குக்கூடப் போக மாட்டோம். ஒரு பாவமும் அறியாத புள்ளையப் பக்கத்துல வெச்சுக்கிட்டு அதைச் சொல்லச் சொல்றயே."

"அவளுக்கு என்னங்கக்கா புரியப் போகுது?"

"புள்ளைக்குப் புரியாது. எனக்குப் புரியுமல்ல."

நான் அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு மின்னஞ்சலில் வந்த விதிகள் மனப்பாடம். உண்மையில் நீங்கள் உறவில்லைதானே, உள்ளதைச் சொல்வதில் என்ன, என்று தர்க்கம் பேசினேன். 'உண்மையில்' என்ற அந்த ஒரு சொல்லை இன்றைக்குத் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் வாங்கிக்கொள்வேன்.

அன்று முதல் அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். வேலையை நிறுத்தவில்லை, அதில் அவர் சுத்தம். ஒன்பதுக்குக் கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொள்வார். ஆறு மணிக்குத் திருப்பிக் கொடுப்பார். எனக்குச் சொல்லவேண்டியது எல்லாம் என் மகள் வழியாக வந்தது. "ஏஞ்சாமி, உங்க மேடத்துகிட்டச் சொல்லு, சளி புடிச்சிருக்குது, தலைக்குத் தண்ணி வேண்டாம்னு." மகள் என்னைப் பார்த்து, "ம்" என்பாள். நானும் சளைக்காமல், "கண்ணு, பெரியம்மாகிட்டச் சொல்லு, சரிங்கன்னு" என்பேன். "பெரியம்மான்னு ஆரைச் சொல்றாங்கன்னு கேளு சாமி. இங்க ஆரும் ஒண்ணும் வேண்டாதவங்கதானே இருக்கறோம்." ஒன்றரை வயதில் இவ்வளவு தபால் வேலை பார்த்த குழந்தை வேறு இருக்காது.

இதை எல்லாம் கேட்ட கணவர் சிரித்தார். பிறகு, "ராஜினாமா லெட்டர் டிராஃப்ட் பண்ணிட்டியா?" என்றார். பண்ணியிருந்தேன். இரண்டு வடிவம். ஒன்றில் காரணம் இருந்தது, ஒன்றில் இல்லை.

மாதம் முடிய ஐந்து நாள் இருக்கும்போது ஓனர் தன் ஜீப்பில் அக்கா வீட்டுக்கு வந்து போனார். என்ன பேசினார்கள் என்று மகள் வழியாகக்கூட எனக்குச் செய்தி வரவில்லை.

மூன்று நாள் இருக்கும்போது நிஜ மழை வந்தது. எட்டாம் நிலையத்துக்குப் போகும் பாதை வழுக்க ஆரம்பித்ததும் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு மூன்று மணிக்கே வந்துவிட்டேன். மழை விட்டு, பலாமரம் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா மரத்தடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு கையால் மகளுக்குக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தார். போன் ஸ்பீக்கரில், முக்காலியின் ஓரத்தில். அதிலிருந்து சென்னைப் பெண்ணின் குரல் வந்துகொண்டிருந்தது.

நான் பக்கத்தில் இருக்கக்கூடாது. ஆனால் என் வீட்டுக்குப் போகவேண்டும் என்றால் அவர்களைத் தாண்டித்தான் போகவேண்டும். அக்கா வீட்டுப் பின்சுவர் ஓரமாக, அடுக்கி வைத்திருந்த விறகுக்கு இந்தப் பக்கம் ஹெல்மெட்டோடு நின்றேன். பி.இ. படித்தவள், பதினொரு நிலையங்களுக்குப் பொறுப்பு, விறகுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். மகள் என்னைப் பார்த்துவிட்டாள். "ம்மா" என்றாள். நான் விரலை உதட்டில் வைத்தேன். அவளும் விரலை உதட்டில் வைத்து, இன்னும் சத்தமாக "ம்மா" என்றாள்.

"குழந்தை அம்மாவைத் தேடுதா?" என்றது போன்.

"அது எப்பவும் தேடறதுதானுங்க அம்மிணி. நீங்க கேளுங்க." அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவர் தோள் லேசாகக் குலுங்கியது போல இருந்தது.

"சரிங்க. நீங்க..." போன் கரகரத்தது. மழைக்குப் பிறகு டவர் அப்படித்தான். "...குழந்தைக்கு என்ன வேணும்?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"குழந்தைக்குங்களா?" அக்கா கூழ்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "எழுதிக்குங்க. காலையில ஒரு டம்ளர் பாலு, சக்கரை போடக் கூடாது. பதினோரு மணிக்குக் கேவுரு கூழு. கேவுரை மொளை கட்டி, காய வெச்சு, நானே அரைச்சது. கடை மாவு இதுக்கு ஆகாது, துப்பிப்போடும். மத்தியானம் சோறு, பருப்பு, ஒரு மொளகுல கால்வாசி."

"கால்வாசி மிளகா?"

"தட்டிப் போடோணும். முழுசாப் போட்டா நீங்களும் நானும் அழுவோம், அது சிரிக்கும். சாப்பிட்டுப் போட்டு ரெண்டு மணி நேரந் தூக்கம். தொட்டில்ல தூங்காது, மடியிலதான். நான் அந்நேரம் ஒரு வேலையும் செய்ய முடியாது, அதையும் எழுதிக்குங்க. பக்கத்துல தண்ணி பாட்டில் வெக்கக் கூடாது. எங்காச்சும் ஊத்திப்போடும். ஒரு தடவை ஊத்திப்போட்டு, அவிங்க அம்மாளுக்கு ஆபீசுல இருந்து போனு வந்துருச்சு."

விறகுக் குச்சி ஒன்று என் கையில் முறிந்தது.

"அப்பறம்" என்றார் அக்கா, இப்போது கொஞ்சம் உரக்க, விறகின் பக்கம் போகும்படியாக, "ஆறு மணிக்குள்ள அவிங்கம்மா ஊட்டுக்கு வரோணும். ஆறுக்கு மேல இது ஆரு சொன்னாலும் கேக்காது. இவ்வளவுதானுங்க குழந்தைக்கு வேணும்."

போனில் வெகு நேரம் விசைப்பலகை சத்தம். பிறகு, "அம்மா, நான் கேட்டது வேறங்க" என்றார் அந்தப் பெண், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "ஏழாம் பார்ட்டுக்கு இது உதவும், போட்டுக்கறேன். நீங்க குழந்தைக்குச் சொந்தமான்னு கேட்டேன்."

"சொந்தம்னா ரேஷன் கார்டுல பேரு இருக்கோணும். எங்க கார்டுல இதும்பேரு இல்லீங்க."

"அப்போ உறவு இல்லை."

"அப்படியுஞ் சொல்ல முடியாதுங்க."

"தெரிஞ்சவங்கன்னு போடட்டுமா?"

"தெரிஞ்சவங்கன்னா ரோட்டுல போறவங்க அத்தனை பேருந்தான்" என்றார் அக்கா. மகளின் வாயோரத்துக் கூழை முந்தானையால் துடைத்தார். "நாங்க வேண்டியவங்க. அவிங்களுக்கு நாங்க, எங்களுக்கு அவிங்க. அதுக்கு உங்க ஃபார்முல கட்டம் இருக்குதுங்களா?"

 போனில் அவர் கட்டங்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிப்பது கேட்டது. பிறகு அந்தப் பெண், "கட்டம் இல்லீங்க. மற்றவைன்னு ஒண்ணு இருக்கு. அதுல எழுதிக்கலாம்" என்றார். "வேண்டியவர். சரிதானே?"

"சரிதானுங்க."

வேலை முடிந்தது. ஆனால் அவர் வைக்கவில்லை. "அம்மா, இது ரெக்கார்டுக்கு இல்ல. அந்தக் கேழ்வரகை எத்தனை மணி நேரம் ஊற வைக்கணும்?"

"உங்களுக்கும் கொழந்தை இருக்குதா அம்மிணி?"

"ஒரு வயசுங்க. எதைக் குடுத்தாலும் துப்புது."

"அதை ஆரு பாத்துக்கறாங்க?"

"எங்க பெரியம்மா."

"கூலி குடுக்கறீங்களா?"

"இல்லீங்க, சொந்தப் பெரியம்மாங்க."

"அடப் பாவமே" என்றார் அக்கா, உண்மையான வருத்தத்தோடு. "சொந்தப் பெரியம்மான்னா கூடுதலாக் குடுக்கோணும் அம்மிணி." பிறகு முளை கட்டுவதைப் பற்றிப் பத்து நிமிடம் பாடம் நடந்தது. கால் மரத்துப்போகும்வரை நான் விறகுக்குப் பின்னால் நின்றேன்.

போனை வைத்ததும் அக்கா திரும்பாமலே சொன்னார். "சாமி, உங்கம்மாகிட்டச் சொல்லு, வெறகு ஈரம், சாஞ்சு நின்னாச் சட்டையில கறையாகும்னு."

மேடம் போய் அம்மா ஆகியிருந்தேன். வெளியே வந்தேன்.

"ஏனுங்கக்கா, அவங்க கேட்டது உங்களுக்கு நெசமாவே காதுல விழலையா? இல்ல..."

"டவரு சரியில்லை கண்ணு" என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து இன்றுவரை ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. கல்லுக்கு அடியில் என் விடைத்தாள் மழையில் ஊறிக் கூழாகி இருந்தது.

மாதத்தின் கடைசி நாள் காலையில் ஒப்புதல் வந்தது. போனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அக்கா கேட்டுவிட்டு, "சரி, அப்ப ஓனருக்குச் சொல்லி உட்டறலாம்" என்றார்.

"அன்னிக்கு ஜீப்புல வந்து என்னங்க சொன்னாரு?"

"அக்கா அக்கான்னாரு. போன மாசம் வரைக்கும் ஏம்மான்னு கூப்பிட்டவரு. இப்பதான் மொறை வெக்கறீங்களா, அப்ப சம்பளத்தை இன்னும் ஏத்தோணுமேன்னேன். கெளம்பிட்டாரு." மகளின் மூக்கைச் சிந்திவிட்டார். "அப்பவும் மாசக் கடைசி வரைக்கும் பாக்கலாம்னுதான் இருந்தேன். ஃபீஸு கட்டோணுமல்ல."

இரண்டு ராஜினாமாக் கடிதங்களையும் அழித்தேன். காரணம் இல்லாததை முதலில்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் ஒப்புதலோடு ஏழாம் பகுதியும் இணைப்பாக வந்திருந்தது. சென்னைப் பெண் ஒரு சொல் விடாமல் பதிந்திருந்தார். சர்க்கரை இல்லாத பால். முளை கட்டிய கேழ்வரகு. மிளகு, கால்வாசி, தட்டியது. தண்ணீர் பாட்டில் அருகில் வைக்கக்கூடாது. கடைசி வரி: தாய் மாலை ஆறு மணிக்குள் வீடு திரும்ப வேண்டும். அதற்குக் கீழே நிறுவனத்தின் முத்திரை. உதவி தொடர வேண்டுமானால் இந்த விவரங்களில் மாற்றம் இருக்கக்கூடாது என்று ஒரு குறிப்பு. நகல், என் மேலாளருக்கு.

மேலாளர் அழைத்தார். "என்னம்மா இது, ஆறு மணிக்குள்ள வீடுன்னு போட்டிருக்கு. பதினோராம் நிலையத்துக்கு நீ சாயங்காலந்தானே போவே?"

"அப்ரூவ் ஆயிடுச்சுங்க சார்" என்றேன்.

அவர் அட்டவணையை எடுத்துப் பார்த்தார். பதினோராம் நிலையம் காலைக்கு மாறியது. மூன்று வருடமாக நான் கேட்டுக் கிடைக்காத மாற்றம் அது. நான் கேட்டபோது காரணங்களை எண் போட்டுத்தான் எழுதியிருந்தேன். "சரி" என்றவர் வைக்கப் போகும்போது, "அந்தத் தண்ணி பாட்டில் விஷயம் என்னம்மா?" என்றார். டவர் சரியில்லை என்றேன்.

போன வாரம் அரிசி வாங்க நின்றதில் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. ஸ்கூட்டரை நிறுத்தும்போதே தெரிந்தது. அக்கா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். மகளின் கையில் அக்காவின் போன்.

"பாத்துக்க சாமி" என்றார் அக்கா. "ஆறு பத்து. உங்கம்மா லேட்டு. மெட்ராஸ் அம்மிணிக்குப் போனு போடலாமா?"

மகள் போனைக் காதில் வைத்துக்கொண்டு, என்னையே பார்த்தபடி, "ம்" என்றாள்.